புகையானை வளர்த்தது யார்?



தாளடியில் கதிர் வெளிவருகிற நேரம். வரப்பில் நின்று பார்க்கிறோம். நேற்றுவரை பச்சையாக நின்ற வயலில், நடுமத்தியில் வண்டிச்சக்கரம் அளவுக்கு ஒரு வட்டம் தீய்ந்து கிடக்கிறது. மூன்றாம் நாள் அந்த வட்டம் களம் அளவுக்கு விரிந்துவிடுகிறது. தூரை விலக்கிப் பார்த்தால் தண்ணீருக்கு மேலே நாலு விரல் உயரத்தில் தவிட்டு நிறத்தில் அப்பிக் கிடக்கிறது புகையான்.

உடனே என்ன செய்கிறோம்? கடைக்கு ஓடுகிறோம். கடைக்காரர் நம் வயலைக் கண்ணால் பார்த்தவர் இல்லை. இரண்டு மருந்தை எடுத்து, கூடவே ஒரு டானிக்கையும் வைத்து, "கலந்து அடிங்க, சரியாப் போகும்" என்கிறார். கணக்கு நோட்டில் ஏறுகிறது. ஒரு வாரம் நன்றாக இருக்கிறது. பத்தாம் நாள் பார்த்தால் முன்னைவிட இரண்டு மடங்கு. மறுபடியும் கடை, மறுபடியும் நோட்டு.

எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம். இதை எழுதுகிற நாங்களும் முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு வயலில் இறங்கினவர்கள்தான், கடன் வைத்தவர்கள்தான். கூட்டத்துக்குக் கூட்டம் உறுப்பினர்கள் கேட்கிற ஒரே கேள்வி இதுதான்: "மருந்து அடிக்க அடிக்கப் பூச்சி கூடுதே, அது எப்படிங்க?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் எந்தக் கோரிக்கையையும் எழுத முடியாது. அதனால் இந்தத் தலையங்கம் முதலில் ஒரு கணக்கைச் சொல்லும். அப்புறம்தான் அரசாங்கத்திடம் போகும்.

ஒரு பெண் புகையான் ஏறக்குறைய 200 முட்டை இடும். முட்டையை வெளியே வைக்காது. தாளின் உறையைக் கீறி உள்ளே செருகிவிடும். நம்ம ஊர் வெயிலுக்கு முட்டையிலிருந்து மறுபடி முட்டையிடும் பூச்சியாவதற்கு ஒரு மாதத்துக்குள்தான் ஆகும். அந்த 200ம் பிழைத்து, பாதி பெண்ணாக இருந்தால், இரண்டாம் மாதம் 20,000. மூன்றாம் மாதம் 20 லட்சம். ஒரே சோடியிலிருந்து! நாலு மாதப் பயிரில் ஒரு படி நெல் மிஞ்சாது. ஆனால் நம் தாத்தா, பாட்டன் காலத்தில் மருந்துக்கடை கிடையாது. நெல் விளைந்துதானே வந்தது? அப்படியானால் அந்த 200ல் 198ஐ யாரோ கொன்றுகொண்டிருந்தார்கள். இரண்டு மட்டும் பிழைத்தால்தான் ஒரு சோடிக்கு ஒரு சோடி என்று கணக்கு நேராகும்.

இன்னொன்றையும் போட்டுப் பாருங்கள். 198 சாகிற இடத்தில் 180 மட்டும் செத்தால்? நூற்றுக்குத் தொண்ணூறு செத்துவிட்டதே, நல்ல வேலைதானே என்று தோன்றும். மிஞ்சுகிற 20 என்பது பத்து சோடி. மூன்று தலைமுறையில் ஒரு சோடி ஆயிரம் சோடியாகிவிடும். மருந்து நூற்றுக்குத் தொண்ணூறைக் கொன்றும் வயல் தீய்ந்துபோவதன் கணக்கு இதுதான்.

சரி, அந்த 198ஐக் கொன்றது யார்? காலையில் பனி இறங்கியிருக்கும்போது வயலைப் பாருங்கள். தூருக்குத் தூர் வலை மின்னும். வலை கட்டாத சிலந்தியும் ஒன்று உண்டு. தண்ணீர்மேலேயே ஓடித் தூருக்குள் புகுந்து வேட்டையாடும். ஓநாய்ச் சிலந்தி என்பார்கள். ஒரு நாளைக்கு 5 முதல் 15 பூச்சிவரை பிடித்துத் தின்னும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாத பச்சை நாவாய்ப்பூச்சி ஒன்று இருக்கிறது. அது தாளுக்குள் செருகின முட்டையைத் தேடிக் குத்தி உறிஞ்சும், நாளைக்கு ஏழெட்டு முட்டை. பல பேர் அதையும் தீமை செய்யும் பூச்சி என்று நினைத்து மருந்தடிக்கிறோம். அப்புறம் ஊசித்தட்டான், பொறிவண்டு, தவறித் தண்ணீரில் விழுந்ததைப் பிடிக்கிற நீர்மிதப்பான், தவளை, முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடுகிற எறும்பைவிடச் சின்னக் குளவி. இவ்வளவு பேரும் சம்பளம் இல்லாத காவல்காரர்கள்.

மருந்து அடித்ததும் என்ன ஆகிறது? மேலே ஓடுகிற சிலந்தி முதலில் சாகிறது. தாளுக்குள் இருக்கிற புகையான் முட்டைக்கு ஒன்றும் ஆகாது. ஏழு எட்டு நாளில் அது பொரிந்து வெளியே வரும்போது வயலில் காவல் இல்லை. புகையானுக்குத் தலைமுறை மாதக் கணக்குக்குள் முடிகிறது, சிலந்திக்கு மாதங்கள் பிடிக்கிறது. காவல் திரும்பி வருவதற்குள் கொள்ளை முடிந்துவிடும். செயற்கைப் பைரித்திராய்டு வகை மருந்தைப் புகையானுக்கு அடிக்கவே கூடாது, அடித்தால் பூச்சி பெருகும் என்று வேளாண்மைப் பல்கலைக்கழகமே எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்தச் செய்தி புத்தகத்தில் இருக்கிறது. கடையில் இல்லை.

இதில் எங்களுக்கே புதிதாக இருந்த விஷயம் ஒன்று உண்டு. கொஞ்சம் விரிவாகவே சொல்லுகிறோம்.

நடவு நட்ட இருபது நாளில் வயலில் புகையான் பெரிதாக இருக்காது. அப்படியானால் சிலந்தி எதைத் தின்று உயிரோடு இருக்கிறது? பூச்சி வந்தபிறகுதான் சிலந்தி வரும் என்றால் எப்போதும் காவல்காரன் தாமதமாகத்தான் வருவான். இந்தோனேசியாவில் சாவகத் தீவின் நெல் வயல்களில் ஆராய்ச்சியாளர்கள் இதைத் துருவிப் பார்த்து 1996ல் வெளியிட்டார்கள். அந்த வயல்களில் அவர்கள் எண்ணிய பூச்சி, சிலந்தி வகைகள் மட்டும் 765. அதில் பயிரைத் தின்கிறவை கொஞ்சம்தான். நடவு நட்டவுடனே பெருகுவது எது தெரியுமா? மக்குகிற தாள், எரு, தழை இவற்றில் வளர்கிற நுண்ணுயிரையும் பாசியையும் தின்கிற சின்னச் சின்னப் புழுக்கள், கொசு மாதிரிப் பறக்கிற ஈக்கள். நெல்லை அவை தொடுவதில்லை. சிலந்திகள் அவற்றைத் தின்றுதான் முதல் மாதத்திலேயே பெருகித் தயாராக நிற்கின்றன. புகையான் வந்து இறங்கும்போது வயலில் ஏற்கெனவே பசியோடு ஒரு படை. வயலில் தொழு உரம் சேர்த்தபோது அந்த ஈக்களும் கூடின, சிலந்தியும் கூடியது. ஆரம்பத்திலேயே மருந்தடித்த வயலில் இந்தச் சங்கிலி அறுந்து, பின்னால் புகையான் ஏறியது.

இதைப் படித்தபோது எங்களுக்கு வெட்கமாக இருந்தது. ஆட்டுக்கிடை கட்டுகிறோம், தக்கைப்பூண்டு மடக்கி உழுகிறோம், குப்பை அடிக்கிறோம். அதெல்லாம் நெல்லுக்குச் சாப்பாடு என்று மட்டும்தான் நினைத்தோம். காவல்காரனுக்கும் அதுதான் படியளந்திருக்கிறது. மாட்டுச் சாணம் பாசியாகி, பாசி புழுவாகி, புழு ஈயாகி, ஈ சிலந்தியாகி, சிலந்தி செத்து மண்ணாகி, மண் மறுபடி வைக்கோலாகி, வைக்கோல் மாட்டுக்குப் போகிறது. மாட்டை விற்றோம். வைக்கோலைக் கட்டுக் கட்டி லாரியில் ஏற்றினோம். வட்டம் இரண்டு இடத்தில் அறுந்தது. அறுந்த இடத்தில் யூரியா மூட்டையை வைத்து அடைத்தோம். யூரியா கூடக் கூடத் தாள் சதைப்பிடித்து, சாறு இனித்து, புகையானுக்கு விருந்தாகிறது. விருந்து நன்றாக இருக்கிற வயலில் அதற்குக் குட்டை இறக்கைப் பூச்சிகள் அதிகம் பிறக்கும். அவை பறக்காது, உட்கார்ந்த இடத்திலேயே கூடுதலாக முட்டையிடும். தீனி தீர்ந்து நெரிசல் வந்ததும் நீள இறக்கைப் பூச்சி பிறந்து அடுத்த வயலுக்குப் பறந்துவிடும். என் வயலுக்குப் பக்கத்து வயல் யூரியாதான் காரணம் என்று வாய்ச்சண்டை போடுகிறோமே, அதில் பாதி உண்மை இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. முன்பு ஒரு மூடி மருந்தில் செத்த பூச்சி இப்போது மூன்று மூடிக்கும் ஏன் சாகவில்லை? "மருந்து டூப்ளிகேட்" என்று சொல்லிவிடுகிறோம். டூப்ளிகேட்டும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அசல் மருந்தும் இதைத்தான் செய்யும்.

விதைநெல்லுக்குக் கதிர் பொறுக்குகிறோம் இல்லையா? மணி திரண்ட கதிராக, சாயாத கதிராகப் பார்த்து எடுத்து வைக்கிறோம். அடுத்த வருடம் அந்தக் குணம் வயலில் கூடுகிறது. பத்து வருடம் பொறுக்கினால் ரகமே மாறிவிடும். நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கான ரகத்தை உண்டாக்கியது இப்படித்தான். மருந்தும் பொறுக்குகிறது. வயலில் இருக்கிற லட்சம் புகையானில் எதுவும் இன்னொன்றைப் போல அச்சாக இருக்காது. ஒன்றிரண்டுக்கு உடம்புக்குள் நஞ்சை உடைத்துப்போடுகிற சுரப்பு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். மருந்தடித்தால் மற்றதெல்லாம் செத்து அது பிழைக்கும். அடுத்த தலைமுறை முழுக்க அதன் பிள்ளைகள். நாம் வருடத்துக்கு ஒரு தடவை விதை பொறுக்குகிறோம். டேங்க் மருந்து மாதத்துக்கு ஒரு தடவை புகையானுக்கு விதை பொறுக்கிக் கொடுக்கிறது. இமிடாகுளோபிரிட் என்ற மருந்து 1990களில் வந்தபோது புகையானுக்கு இனி முடிவுகாலம் என்றார்கள். 2000க்குப் பிறகு ஐந்தாறு வருடத்துக்குள்ளேயே ஆசிய நாடுகள் பலவற்றில் அது கேட்காமல் போனது. உலகத்தில் ஏதாவது ஒரு மருந்துக்காவது பழகிவிட்ட பூச்சி, சிலந்திப்பேன் வகைகள் 500க்கும் மேல் இருக்கின்றன. பருத்திக்காரர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பி.டி. பருத்தியைத் தின்றும் சாகாத இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் இருப்பதை 2010ல் விதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

மருந்தை விட்டு, தாங்கும் ரகம் என்று போனாலும் இதே கதைதான். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966ல் ஐ.ஆர். 8 கொடுத்தது. அது வந்த வயல்களில் புகையான் பெரிய எதிரியானது. கேரளத்தில் குட்டநாடு 1973, 74ல் தீய்ந்தது. 1973ல் புகையானைத் தாங்கும் ஐ.ஆர். 26 வந்தது. மூன்று நாலு வருடத்துக்குள் அதையும் தின்கிற புகையான் வந்துவிட்டது. 1976ல் ஐ.ஆர். 36. அது கொஞ்சம் கூடுதல் காலம் தாங்கியது. இங்கே ஒரு விஷயத்தைப் பெருமையாகவே சொல்லலாம். புகையானைத் தாங்கும் குணத்துக்கு உலக விஞ்ஞானிகள் எடுத்துச் சோதிக்கிற ரகங்களில் அம்பாசமுத்திரத்து ஏ.எஸ்.டி. 7ம் ஒன்று, பட்டாம்பியின் பி.டி.பி. 33ம் ஒன்று. புகையான் பரப்புகிற குட்டை நோய் நச்சுயிரிக்கு எதிராக 6,000க்கும் மேற்பட்ட நெல் மாதிரிகளைச் சோதித்துப் பார்த்ததில், உத்தரப்பிரதேசத்தில் எடுத்து வைத்திருந்த ஒரே ஒரு காட்டு நெல்தான் தாங்கியது. களையாக நின்ற நெல்! அதை யாராவது களைக்கொல்லி அடித்து ஒழித்திருந்தால்? நாம் ஊர் முழுக்க ஆந்திரா பொன்னியாக நட்டு வைத்திருக்கிறோம். வியாபாரி அதைத்தான் கேட்கிறான், நாமும் அதைத்தான் நடுகிறோம். அந்த ரகம் புகையானுக்கு ஈடு கொடுக்காது என்பது எல்லாருக்கும் தெரியும்.

"அப்போ மருந்தே வேண்டாம்ங்கிறீங்களா?" என்று சிலர் மடக்குவார்கள். அப்படி நாங்கள் சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. இலங்கையில் 2021ல் ரசாயன உரத்தையும் மருந்தையும் இறக்குமதி செய்வதைத் திடீரென்று நிறுத்தினார்கள். விவசாயிக்கு மாற்று ஏற்பாடு இல்லை, பயிற்சி இல்லை. விளைச்சல் விழுந்தது, விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள், அதே வருடம் நவம்பரில் உத்தரவு வாபஸ். வட்டம் அறுந்து ஐம்பது வருடம் ஆன மண்ணில் அதை ஒரு கையெழுத்தில் முடிச்சுப்போட முடியாது.

ஆனால் இன்னொரு சாட்சியும் இருக்கிறது. நம் பத்திரிகைகள் இதை அதிகம் எழுதுவதில்லை. இந்தோனேசியாவில் மருந்து விலையில் நூற்றுக்கு எண்பது வரை அரசாங்கமே மானியம் கொடுத்தது. விவசாயிகள் சும்மா கிடைத்த மாதிரி அடித்தார்கள். புகையான் ஏறிக்கொண்டே போனது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ ஒரே ஆணையில் 57 பூச்சிமருந்துகளை நெல்லுக்கு அடிக்கக்கூடாது என்று தடுத்தார். சுகார்த்தோ ஒன்றும் விவசாயிகளின் தோழர் இல்லை. அரிசி போனால் நாற்காலி போகும் என்கிற பயம். 1989க்குள் மானியத்தை முழுக்க எடுத்தார்கள். ஆனால் எடுத்துவிட்டுக் கைகழுவவில்லை. வயலில் வைத்தே வாராவாரம் பாடம் நடத்தினார்கள். விவசாயிகளே தூரைப் பிரித்து, புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணி, அடிக்கலாமா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்தார்கள். பத்து வருடத்தில் பத்து லட்சம் விவசாயிகள் அளவுக்குப் படித்து வந்தார்கள். மருந்து பெருமளவு குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

இங்கே என்ன நடக்கிறது? பூச்சிமருந்துச் சட்டம் 1968ல் போட்டது. 2008ல் ஒரு மசோதா, 2020ல் ஒரு மசோதா மாநிலங்களவையில் வைத்தார்கள், இரண்டும் சட்டமாகவில்லை. 2017ல் மகாராஷ்டிரத்தில் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலியாட்களும் 20 பேருக்குமேல் செத்தார்கள். 2020 மே மாதம் 27 மருந்துகளுக்குத் தடை என்று மத்திய அரசு வரைவு ஆணை போட்டது. கம்பெனிகள் ஆட்சேபம், கமிட்டி, மறுபடி கமிட்டி. 2023ல் இறுதி ஆணை வந்தபோது முழுதாகத் தடை விழுந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதே 2023ல் 15,000 மகளிர் குழுக்களுக்கு மருந்தும் உரமும் தெளிக்கிற டிரோன் தருவதாக ஒரு திட்டம் போட்டார்கள். பெண்களுக்கு வருமானம் என்றால் நாங்கள் ஏன் எதிர்க்கிறோம்? ஆனால் புகையான் இருப்பது தூருக்கு அடியில். டிரோன் அடிப்பது இலைக்கு மேலே. மேலே யார் இருக்கிறார்கள்? சிலந்தியும் தட்டானும்.

பயிர் இன்சூரன்சையும் சொல்லியாக வேண்டும். சில இயற்கைச் சீற்றங்களுக்குத் தனி வயலைப் பார்த்து இழப்பு கணக்கிட வழி வைத்திருக்கிறார்கள். புகையான் தின்றால் அப்படிக் கிடையாது. வருவாய்க் கிராமத்தின் சராசரி விளைச்சல் விழுந்தால்தான் காசு. புகையான் சராசரி பார்த்தா அடிக்கிறது? ஒருத்தர் வயலில் வட்டம், அடுத்தவர் வயலில் ஒன்றுமில்லை. வயல் தீய்ந்தவர் பிரீமியமும் கட்டி, மருந்துக்கடனும் கட்டி, வெறும் வைக்கோலை அறுக்கிறார்.

ஆகவே நம் சங்கம் கேட்பது இதுதான். நாற்று விட்ட நாளிலிருந்து அறுப்புவரை வாரம் ஒருமுறை வேளாண்மைத் துறை அலுவலர் ஊருக்கு வந்து, வயலில் இறங்கி, நம்மோடு தூரைப் பிரித்து எண்ண வேண்டும். எண்ணிக்கையை ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். எழுத்தில் பரிந்துரை இல்லாமல் எந்தக் கடையும் இரண்டு மருந்தைக் கலந்து விற்கக் கூடாது. ரசீது கொடுக்க வேண்டும். தக்கைப்பூண்டு, சணப்பு விதையை நடவு முடிந்தபிறகு கொண்டுவந்து குவிக்காமல், கோடை உழவுக்கே கூட்டுறவுச் சங்கத்தில் வைக்க வேண்டும். மருந்துக்கும் டிரோனுக்கும் கொடுக்கிற மானியத்தில் ஒரு பங்கை மாடு வைத்திருப்பவருக்கும் கிடை கட்டுகிறவருக்கும் எருவுக்குக் கொடுக்க வேண்டும். பூச்சியால் போன தனி வயலுக்கும் இன்சூரன்ஸ் வேண்டும். அந்தந்த வட்டாரத்துப் பழைய ரகங்களை ஆராய்ச்சி நிலையத்தின் குளிர்பெட்டியில் மட்டும் வைக்காமல், விதைப்பண்ணையில் நட்டு, கேட்கிறவருக்குத் தர வேண்டும்.

அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. நடவிலேயே எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுங்கள். காற்றும் வெளிச்சமும் தூருக்குள் போனால் புகையானுக்குப் பிடிக்காது. கண்டதும் தண்ணீரை வடித்து மூன்று நாலு நாள் காயவிடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். நட்ட முதல் மாதம் மருந்து டேங்கை வீட்டிலேயே வையுங்கள். அதையும் தாண்டி ஏறினால், அப்போது மருந்து. அதுவும் தூருக்கு, தேவையான இடத்துக்கு மட்டும். இதைச் சங்கத்து உறுப்பினர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரே மடையில் செய்தால் பலன் தெரியும். ஒருத்தர் மட்டும் செய்தால் பக்கத்து வயல் பூச்சி விடாது.

இந்த மாதம் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு நம் சங்கத்தின் எல்லாக் கிளைகளும் திரண்டு வர வேண்டும். மனுவைச் சங்கம் எழுதிக் கொண்டுவரும். நீங்கள் வெறுங்கையோடு வராதீர்கள். புகையான் அடித்த தூர் ஒன்றை வேரோடு, மண்ணோடு பிடுங்கி, சாக்கில் சுற்றி எடுத்து வாருங்கள். மருந்துக்கடை ரசீது இருந்தால் அதையும் தூரிலேயே கட்டிக் கொண்டு வாருங்கள். ரசீது கிடைக்காதவர்கள் காலி பாட்டிலைக் கட்டுங்கள். மூடி இறுக்கமாக இருக்கட்டும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கு அத்தனை தூரையும் ஆட்சியர் மேசைமேல் வைப்போம்.